கூரை தூக்கிய வண்டி

நாலு பேர் கூடின இடத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். என்னோடு பழகினவர்களுக்கு இது தெரியும். கல்யாண வீட்டில்கூடத் தூண் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று போனது ஒரு காரணம், பிறவிக் கூச்சம் ஒரு காரணம். பேச வராதது எழுத வருகிறதா என்று பார்க்கிறேன். என் வயதுக்காரிகள் படித்தால் போதும். ஆண்கள் யாராவது படிக்க நேர்ந்து பாதியில் மூடி வைத்துவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

எங்கள் அய்யா ஒரு வண்டி கட்டினார். லாரியின் முதுகில் ஒரு அறை. அந்த அறையின் கூரையை டிரங்குப் பெட்டி மூடி மாதிரி மேலே தூக்கலாம், மறுபடி மடக்கலாம். எழுபதுகளின் நடுவில் மதுரைப் பக்கம் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. தெருவே சிரித்தது. நானும் அந்த வண்டி நிற்கிற பக்கம் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன். எதற்காகக் கட்டினார் என்பது வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அதை வாயால் சொன்னதில்லை.

எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தான். வீட்டிலேயேதான் பிரசவம். அம்மா ரொம்ப நேரம் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை அழாமலே போய்விட்டது, அம்மா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு நீர் நிற்கவில்லை. தும்மினால், இருமினால் என்று இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் கசிந்துகொண்டே இருக்கும். அய்யாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, மடித்து வைத்துக்கொள்வாள். விடிவதற்குள் அலசி, வெளியே காயப்போட முடியாமல், அடுப்படியில் கயிறு கட்டிக் காயப்போடுவாள். அந்தத் துணிகளுக்கு எப்போதும் புகை நிறம்.

ஆரப்பாளையத்தில் காம்பவுண்டு வீட்டில் இருந்தோம். ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் ஒரு குழாய், கடைசியில் ஒரு கக்கூஸ். அப்படி ஒரு இடத்தில் அம்மா இதை எப்படி மறைத்தாள் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தினமும் இரண்டு வேளை சாம்பிராணி போடுவாள். வீடு முழுக்கப் புகை நிற்கும். காம்பவுண்டுப் பெண்கள் அவளைப் பெரிய பக்திக்காரி என்றார்கள். சாம்பிராணி வாசனையும் அதற்கு அடியில் வருகிற அந்த இன்னொரு வாடையும் சேர்ந்ததுதான் எனக்கு அம்மா வாசனை.

என்னோடு படித்த ஒருத்தி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட வந்தாள். வாசல்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

“ஒங்க வீட்ல கைப்பிள்ள இருக்கா?”

“இருக்கு. தூங்குது” என்றேன்.

உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று போனது. அதன் பிறகு நான் தெருமுனையில் போய் நின்றுகொள்வேன். யாரையும் வீட்டுக்குக் கூப்பிட வரச் சொன்னதில்லை.

அம்மா பிறந்தது டி. கல்லுப்பட்டி. அங்கே அவளுக்கு ஒரே அண்ணன். எங்கள் மாமா. பஸ் ஏறி, திருமங்கலத்தில் மாறினால் போய்விடலாம். ஆனால் பஸ்ஸில் உட்கார வேண்டும். நடுவில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. எழுந்திருக்கும்போது சீட்டு நனைந்திருந்தால் பின்னால் நிற்பவன் பார்ப்பான். அதனால் அம்மா போகவே இல்லை. மாமா புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார், போகவில்லை. மாமன் பிள்ளைகளுக்குக் காது குத்தினார்கள், போகவில்லை. ஒவ்வொரு முறையும் என்னையும் அய்யாவையும் அனுப்பி, கேட்டால் அம்மாவுக்குத் தூரம் என்று சொல்லச் சொல்வாள்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். வீட்டுக்குத் தூரம் என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் விசேஷ வீட்டில் மறுபேச்சு இருக்காது. எனக்கு அப்போது அந்த அர்த்தம் தெரியாது. கல்லுப்பட்டி தொலைவில் இருக்கிறது, அம்மாவால் அவ்வளவு தூரம் வர முடியாது, அதைத்தான் சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்தேன். காதுகுத்து அன்று பந்தலில் அத்தை கேட்டபோது, “அம்மாவுக்குத் தூரம் அத்தை, ரொம்பத் தூரம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, நல்லவள்தான். ஆனால் நாக்கு நீளம். “எங்க வீட்டு விசேஷம்னா மட்டும் எங்க நாத்தனாளுக்கு நாள் தப்பாம வந்துருது. பஞ்சாங்கம் பாத்து வரும்போல” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அய்யா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

மாமன் மகள் பெரியவளானாள். சடங்கு சொல்ல மாமா வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். காம்பவுண்டுக்காரர்கள் எல்லாம் குழாயடியில் நின்ற நேரம். மாமா உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே பேசினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“நாள் இன்னும் குறிக்கல தாயி. ஒனக்கு எது தோதுன்னு நீ சொல்லு. ஒந்தூரம் கழிச்சு நாள் குறிக்கிறேன். அத்தைக்காரி நீ இருக்கையில வேற எவளும் எம்மக தலையில மொதத் தண்ணி ஊத்தக் கூடாது.”

அம்மா கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டாள். மாமா அந்தக் கதவையே பார்த்தார்.

“இதுக்கும் நீ வரலன்னா, எனக்குத் தங்கச்சி இல்லன்னு நெனச்சுக்கிறேன். ஒனக்கும் அண்ணன் இல்ல.”

கொண்டு வந்த தட்டைப் படியில் வைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் பாசமாகத்தான் சொன்னார். அம்மாவிடம் இருந்த ஒரே சாக்கையும் பிடுங்கிக்கொண்டு போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அய்யாவுக்கு வேலை சமயநல்லூர் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில். அதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அங்கே ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் ஒரு வேனோடு வந்து நின்றார்கள். அவனுக்கு அவளைவிட நீளமான முடி. அவர்கள் ஊரிலிருந்து அந்த வேனிலேயே வந்தார்களாம். வேனின் கூரை மேலே எழும்பும், சுற்றிக் கித்தான் துணி. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் குழாய். கூரையின் கீல் உடைந்திருந்தது. அய்யாதான் சரி செய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே பேசினார். “வண்டிக்குள்ளயே எல்லாம் முடிச்சுக்கிறாக. எதுக்கும் எறங்க வேணாம்.” அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

மாமா வந்து போன பிறகு அய்யா பட்டறை முதலாளியிடம் போய் நின்றிருக்கிறார். பட்டறைக் கொல்லையில் பட்டாளத்தில் கழித்த சின்ன லாரி ஒன்று கிடந்தது. ஓட வைத்தால் ஓட்டிக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை நேரம் முடிந்த பிறகு அய்யா அதில்தான் கிடந்தார். பட்டறையில் மிச்சம் விழுந்த பலகை, தகரம், ஆங்கிள் துண்டு எல்லாம் சேர்த்து லாரி மேல் ஒரு பெட்டி கட்டினார். மழை ஒழுகாமல் இருக்கத் தகரத்தின் இடுக்கெல்லாம் தார் பூசினார்.

கூரையை நிரந்தரமாக உயர்த்தியே கட்டியிருக்கலாம். ஆனால் திருமங்கலம் ரோட்டில் அப்போதெல்லாம் புளியமரங்கள் கவிந்து நிற்கும். உயரமான பெட்டி கிளையில் இடிக்கும், காற்றுக்கு ஆடும். தாழ்வாகவே விட்டால் உள்ளே நிற்க முடியாது. நின்றால்தானே சேலை கட்ட முடியும்? வெள்ளைக்காரிக்கு இந்தக் கவலை இருந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யா ஒரு மூங்கில் குச்சியோடு வந்து அம்மா பக்கத்தில் நின்றார்.

“சேல கட்ட எம்புட்டு ஒசரம் வேணும்?”

அம்மா என்னைப் பார்த்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அவளுக்கு. பிறகு, “முந்தானையத் தூக்கிப் போடணும்ல” என்று சொல்லி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது தோளுக்கு இறக்கிக் காட்டினாள். அய்யா அந்தக் கை போன உயரத்துக்குக் குச்சியைப் பிடித்து, நகத்தால் கீறி வைத்துக்கொண்டார். அவர்கள் இரண்டு பேரும் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

காம்பவுண்டில் கேலிக்குக் குறைவில்லை. எதிர்வீட்டு அக்கா என்னிடம், “என்னடி, ஒங்க அய்யா ஒங்கம்மாளத் தேர்ல வச்சு இழுக்கப் போறாராமே?” என்றாள். பட்டறையில் அதற்குக் கோழிக்கூடு என்று பெயர் வைத்திருந்தார்கள். எதற்கு இது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அய்யா ஒரே பதில்தான் சொன்னார். குடும்பத்தோடு கடல் பார்க்கப் போகிறோம். கூலி வேலை பார்க்கிறவனுக்குக் கடல் ஆசையைப் பார் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று அவரும் சிரித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபமாக வரும். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் கோபம் வந்தது.

வண்டி முடிந்ததும் எங்கள் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மாவை வரவழைத்து, கூரை மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். “பாரு, ஒரு சொட்டு ஒழுகல” என்றார் பெருமையாக. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அம்மா உள்ளே போய்விட்டாள். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தெருவில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

சடங்கன்று விடியற்கருக்கலில் கிளம்பினோம். உள்ளே பலகைப் படுக்கை, குழாய் வைத்த தகர டிரம், ஒரு மூலையில் மூடி போட்ட ஓட்டை, சட்டம் போட்ட கண்ணாடி. கண்ணாடி மட்டும் வெள்ளைக்காரன் வேனில் இல்லாதது, அய்யாவாக வைத்தது. அம்மா படுத்துக்கொண்டாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து பலகை இடுக்கு வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஊரைத் தாண்டுகிறாள். இது திருநகரா, திருமங்கலமா என்று பெயர் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

திருமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. அம்மாவுக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது. அய்யா வண்டியை ரோட்டோரம் ஒதுக்கிவிட்டு இறங்கி, கூரையைத் தூக்கிச் சுற்றிக் கித்தானைக் கட்டினார். கேட்டுக்கு நின்ற பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். என்ன விற்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். லேகியமா என்றார் இன்னொருவர். அய்யா கித்தானுக்கு வெளியே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காவலுக்கு நின்றார். அலசிய துணிகளை அம்மா கூரைக்கு அடியில் கட்டியிருந்த கயிற்றில் போட்டாள். திரும்பும்போது அவை காய்ந்திருக்க வேண்டும்.

கல்லுப்பட்டி எல்லையில் இன்னொரு கூத்து. சேலை கட்டிக்கொள்ள அம்மாவுக்குக் கூரையைத் தூக்கிவிட்டு நின்றோம். வேப்ப மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் வண்டியைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள். குடும்பக் கட்டுப்பாடு வண்டி ஊருக்குள் வந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பயந்த காலம் அது. அய்யா வாய்விட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்து அம்மா சிரிக்கிற சத்தமும் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

பட்டுச்சேலையில் அம்மா இறங்கியபோது மாமா ஓடி வந்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அத்தைகூட அன்று வாயை அடக்கிக்கொண்டாள். மாமன் மகளை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். முதல் குடத்தில் பாதி அந்தப் பெண் தலையில் விழுந்தது, மீதியைத் தன் இடுப்போடு சாய்த்துக்கொண்டாள். அடுத்த குடமும் அப்படித்தான். இடுப்பிலிருந்து கால் வரை சேலை தொப்பலாகிவிட்டது. “சடங்கு மகளுக்கா அத்தைக்கா?” என்று யாரோ கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். இனி எங்கே நனைந்தாலும் யாருக்கும் தெரியாது. பட்டுச்சேலை வீணாகிறதே என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

அதோடு கிளம்பியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

பந்தியில் அய்யா உட்கார்ந்திருந்தார். மாமாவுக்குத் தங்கச்சி வந்த சந்தோஷம் தலைக்கேறியிருந்தது. பந்தியில் சாப்பிட்டு எழுந்த ஆண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, பந்தலை ஒட்டி நின்ற வண்டிக்குப் போனார். “எங்க மாப்ள தன் கையால கட்டுனது. வந்து பாருங்க, வெள்ளைக்காரன் தோத்துருவான்.” கொண்டியை எடுத்துவிட்டு, கித்தானைச் சுருட்டி, இரண்டு பேராகப் பிடித்துக் கூரையைத் தூக்கினார்கள்.

கூரையோடு சேர்ந்து கயிறும் மேலே எழும்பியது. கயிற்றில் அம்மாவின் துணிகள். பந்தலுக்குக் கட்டின தோரணம் மாதிரி வரிசையாக, மஞ்சள் கறையோடு, எல்லோர் கண்ணுக்கும் நேராக ஆடின. மூடிக் கிடந்த வாடையும் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.

வயதானவர் ஒருவர் அய்யாவைத் தேடித் திரும்பி, “வீட்ல கைப்பிள்ள இருக்காப்பா?” என்று கேட்டார். பந்தியில் அய்யா எழுந்து நின்றுவிட்டார். கையில் சோறு ஒட்டியிருந்தது.

“ஆமாங்க. இருக்கு” என்றார்.

நான் சொன்ன அதே பொய். எங்கள் வீட்டில் கைப்பிள்ளை இல்லை என்பது மாமாவுக்குத் தெரியும். அவர் அந்தத் துணிகளைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார். பிறகு கூரையை மெதுவாக இறக்கினார். ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, துணி எதுவும் வெளியே விழாமல் உள்ளே தள்ளிக்கொண்டே இறக்கினார். அம்மா நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த நான் கையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

கிளம்புகிற நேரத்தில் அத்தை வண்டிக்குள் ஏறி வந்தாள். நான் இருப்பதை இரண்டு பேருமே பொருட்படுத்தவில்லை.

“புள்ள செத்துப் பெறந்ததுல இருந்தா?” என்று கேட்டாள்.

அம்மா தலையை ஆட்டினாள்.

“என் தங்கச்சிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பெரியாஸ்பத்திரில தச்சு விட்டாக. நான் கூட வாரேன், வா.”

“டாக்டர்கிட்ட என்னன்னு மதினி சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“வேணாம். நீங்க யார்ட்டயும் சொல்லக் கூடாது.” அம்மா அத்தையின் கையைப் பிடித்து, அன்றைக்குத் தண்ணீர் ஊற்றின பிள்ளை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அத்தை அழுதுகொண்டே சத்தியம் செய்தாள். அதைக் கடைசி வரை காப்பாற்றினாள். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வண்டி அப்புறம் எங்கேயும் போகவில்லை. அய்யா பெட்டியைப் பிரித்துவிட்டு லாரியை முதலாளியிடம் திருப்பி ஒப்படைத்தார். கடல் பார்த்தாயிற்றா என்று கேட்டவர்களிடம், பார்த்தாயிற்று என்றார். மாமா அதற்குப் பிறகு எங்களை எந்த விசேஷத்துக்கும் வா என்று கூப்பிடவில்லை. அவரே வந்து போனார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து, வாசலில் நிற்காமல், உள்ளே அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

பெரியாஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். அய்யா கீல் செய்தார், கூரை செய்தார், கல்லுப்பட்டி வரைக்கும் ஒரு வீட்டையே ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஆற்றை மட்டும் அவர்களால் தாண்ட முடியவில்லை. அங்கே போனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதைவிட ஒரு வண்டி கட்டுவது லேசாகத் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

எனக்கும் மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு அது வந்தது. நானும் சாம்பிராணி வாங்கினேன். என் மகள் ஒருநாள் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சியபோதுதான் எழுந்து போனேன். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா, இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பது மாதிரி, “எத்தன நாளா இருக்கும்மா?” என்றாள். சொன்னேன். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. தைத்து, கொஞ்ச நாள் படுக்க வைத்து அனுப்பினார்கள்.

உடம்பு தேறியதும் அம்மாவைப் பார்க்கப் போனேன். அய்யா அப்போது உயிரோடு இல்லை. அம்மா சாம்பிராணிப் புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்ன ஆபரேஷன் என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. தணலில் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டுவிட்டுக் கேட்டாள்.

“பஸ்லயா வந்த?”

“ஆமாம்மா.”

“நின்னுக்கிட்டா?”

“இல்லம்மா. சன்னலோரம் உக்காந்துதான் வந்தேன்.”

அம்மா எழுந்து என் பின்னால் வந்தாள். சேலையில் தூசி ஒட்டியிருக்கிறது என்று சொல்லி, இடுப்புக்குக் கீழே உள்ளங்கையால் ஒரு தரம் தட்டினாள். பிறகு தட்டாமல் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். சேலை காய்ந்திருந்தது.